கனி தேடும் உரிமை

மண்ணுக்கு அடியில் கிடக்கும் செல்வம் யாருக்குரியது என்னும் வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. பெருஞ்செலவை வேண்டும் சுரங்கங்களை, விளைவில் ஒரு பங்குக்கோ குறித்த தொகைக்கோ பிறரிடம் விடலாம். செலவு குறைந்தவற்றை அரசே நடத்தலாம் என்று அர்த்தசாஸ்திரம் விதித்தது. அரசின் நிலத்தில் கனிப்பொருள் தேட இன்று வழங்கப்பெறும் அநுமதிக்கும் அடிப்படை இவ்வெண்ணமே.

இவ்வநுமதியின் இயல்பைக் கோலார் வரலாற்றில் நாம் தெளிவாகக் காணலாம். 1802-ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்திற்குச் சென்ற லெப்டினன்ட் ஜான் வாரன், கிராமத்து மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அக்குறிப்பைப் படித்த மைக்கேல் லவெல் என்னும் முன்னாள் படைவீரர், 1873-இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பம் செய்தார். 1875-இல் அவருக்கு இருபதாண்டுக் குத்தகை கிடைத்தது. ஆழத் தோண்டுவதற்கு வேண்டிய பொருள்வலிமை அவரிடம் இல்லாமையால், சில ஆண்டுகளில் அவ்வுரிமை பிறர் கைக்கு மாறியது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்தில் சுரங்கம் வளர்ந்தது. தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர் பல்லாயிரவர் அங்கே உழைத்தனர். பொன் இருப்பதை உலகுக்குக் காட்டியவர்கள் கிராமத்தார்; உரிமை பெற்றவரோ விண்ணப்பித்தவர். இவ்வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது.

விடுதலைக்குப் பின் இத்துறையை ஒழுங்குபடுத்த 1948-இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 1957-இல் விரிவான மற்றொரு சட்டமும் இயற்றப்பெற்றன. தேடுதற்குரிய லைசென்ஸ் பெற்று முறையாகத் தேடியவருக்கே சுரங்கக் குத்தகையில் முன்னுரிமை என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. தேடும் இடமெல்லாம் கனி கிடைப்பதில்லை. கிடைத்தால் தமக்குப் பயன் உண்டு என்னும் உறுதியின்றி எவர் பொருள் செலவிட முன்வருவர்? ஆயினும், எவருக்கு லைசென்ஸ் அளிப்பது என்பது பெரிதும் அதிகாரிகளின் விருப்பத்திற்கு உட்பட்டிருந்தது. நிலக்கரித் துறையில், முறையற்ற வகையில் ஒதுக்கப்பெற்ற இருநூற்றுக்கும் மேற்பட்ட நிலக்கரி வட்டாரங்களின் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் ரத்துச் செய்தது. 2015-இல் கனிச் சட்டம் திருத்தப்பெற்று, ஏல முறை வந்தது. அரசின் வருவாய்க்கு அரண் கிட்டியது. ஆனால் தேடுபவருக்கு இருந்த ஊக்கம் குன்றியது. இக்குறையை நீக்க 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், பொன், லித்தியம் முதலிய 29 கனிகளுக்குத் தனி ஆய்வு லைசென்ஸை ஏற்படுத்தியது. கண்டறிந்த இடத்தைப் பின்னர் ஏலத்தில் எடுப்பவர் அரசுக்குச் செலுத்தும் ஏலத் தொகையில், கண்டவருக்கு ஒரு பங்கு உண்டு.

தேடுபவர், அரசு ஆகிய இருவரின் நலனை இங்ஙனம் சட்டம் மாறி மாறி எடையிட்டு வந்தது. மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் அந்நிலத்தில் வாழ்பவர். ஒடிஸாவின் நியமகிரி மலையில் பாக்ஸைட் எடுக்கலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே ஆராயவேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. கூடிய பன்னிரண்டு சபைகளும் மறுத்தன, சுரங்கம் தோண்டப்படவில்லை. கோலாரில் பொன் அரித்த மக்களை எவரும் கேட்கவில்லை. நியமகிரி மக்களைக் கேட்டார்கள். இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

அரசின் நிலம் என்பது பொதுமக்களின் நிலமே. ஆகையால் அந்நிலத்திற்குரிய அநுமதிப் பத்திரத்தில் தேடுபவரின் துணிவும், அரசின் வருவாயும், அங்கு வாழ்பவரின் சம்மதமும் ஒருங்கே இடம்பெறல் வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் அது நல்ல அநுமதி ஆகாது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.