மலை கடக்கும் விரைவும் மலையேறும் மரபும்

ரேணிகுண்டா சந்திப்பில் வண்டி மாறக் காத்து நிற்போர் எவரும் மேற்றிசை நோக்கித் தலைநிமிராமல் இருப்பதில்லை. அங்கே நீண்டு கிடக்கும் மலைத்தொடரே நம் முன்னோர் வேங்கடம் என்று போற்றியது. தமிழ் வழங்கும் நிலத்திற்கு வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறித்த மலையும் அதுவே. பிழைப்பை நாடி இவ்வூர்க் குடியிருப்புகளில் வந்து தங்கிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், அவ்வெல்லையின் அடிவாரத்திலேயே வாழும் பேறு பெற்றிருக்கிறோம்.

திருமலைக்கு நடந்து சென்று திரும்பும் நம் இளைஞர், தரிசனம் எவ்வாறு இருந்தது என்பதினும், “எத்தனை நிமிடத்தில் ஏறினாய்?” என்பதையே முதலில் கேட்டுக்கொள்கின்றனர். இக்கேள்வியை நாம் இகழ வேண்டுவதில்லை. மலையை விரைந்து கடக்கும் ஆசைக்கு உலகில் ஒரு வரலாறே உண்டு. அதனைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது இம்மலருக்குப் பொருத்தமாகும்.

முதலில் நம் மலையைக் காண்போம். அலிபிரியிலிருந்து ஏறும் வழி ஏறக்குறைய 9 கிலோமீட்டர்; படிகள் 3,550. சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு வழியோ குறுகியது. அதன் படிகள் 2,388. 1944-ஆம் ஆண்டில் மலைச்சாலை திறக்கப்படும்வரை, மேலே செல்வோர் கால்நடையாகவோ டோலியிலோதான் சென்றனர். இரண்டாவது சாலை 1974-இல் வந்தது. முழங்கால் முறிச்சான் என்று பெயர் பெற்ற செங்குத்தான பகுதியில் எத்தகைய வீரனும் ஒருமுறை நின்று மூச்சு வாங்கியே ஆகவேண்டும்.

அக்காலத்திலும் விரைவு வேண்டப்பட்டது. திருமலையில் நிவேதனம் நடந்தபின்னரே சந்திரகிரியில் இருந்த விசயநகர அரசர் உணவு கொள்வர் என்றும், அச்செய்தியை மண்டபத்திற்கு மண்டபம் மணியொலித்துக் கடத்தினர் என்றும் செவிவழி மரபு கூறுகிறது. ஒருவர் ஓடிச் சென்று உரைக்க வேண்டியதை, வரிசையாக நின்ற பலர் ஒலியால் உணர்த்தினர். விரைவு அங்கே ஒருவருடைய பெருமையன்று, பலருடைய ஒற்றுமை.

இனி இமயத்திற்குச் செல்வோம். 1981-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் ஹிலாரியும் கிரேம் டிங்கிளும் தம் குழுவினருடன் இமயத்தை நெடுக்காகக் கடந்தனர். அப்பயணம் பல மாதங்கள் நீடித்தது. இரண்டே ஆண்டுகளில், 1983-இல், ரிச்சர்ட் கிரேன், அட்ரியன் கிரேன் என்னும் இங்கிலாந்துச் சகோதரர் இருவர், கஞ்சன்ஜங்காவிலிருந்து நங்கபர்வதம்வரை 3,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை 101 நாட்களில் ஓடி முடித்தனர். சுமையை மிகக் குறைத்துக்கொண்டு, வழியிலுள்ள ஊரார் அளித்த உணவை நம்பி ஓடியதே அவர்கள் கையாண்ட முறை. முன்பின் அறியாதவருக்குச் சோறிட்ட மலைநாட்டு மக்களின் பெயர்கள் எந்தச் சாதனைப் பட்டியலிலும் இல்லை.

பின்னர் நேபாளத்தின் நெடுமலைப் பாதை போட்டிக்களமாயிற்று. லிஸ்ஸி ஹாக்கர் என்னும் ஆங்கிலேய வீராங்கனை 2011-இல் அதனைக் கடக்கப் புறப்பட்டு, வழி தவறி, செயற்கைக்கோள் தொலைபேசியையும் இழந்து, சில நாட்களிலேயே முயற்சியைக் கைவிட்டார். உயிரோடு திரும்பியதால் அன்றோ 2016-இல் மீண்டும் புறப்பட்டு 42 நாட்களில் அதனைக் கடந்தார்! 2018-இல் தென்னாப்பிரிக்கரான ரயன் சாண்டஸும் ரைனோ கிரீசலும், திபெத்து எல்லையிலுள்ள ஹில்சாவிலிருந்து கீழ்க்கோடியிலுள்ள பசுபதிநகர்வரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டரை 25 நாள் 3 மணி 24 நிமிடத்தில் கடந்தனர். நம் நாட்டுப் பெண்மணி சுஃபியா சூஃபி 2021-இல் மணாலியிலிருந்து லே வரையுள்ள உயர்ந்த கணவாய்ச் சாலையை ஆறரை நாளில் ஓடிக் கடந்ததும் இங்கே பெருமையுடன் நினைக்கத்தக்கது.

இத்தகைய சாதனைக்கு உயிர்நாடி எது? காலா, மூச்சா? இரண்டும் வேண்டும், அவற்றினும் மேலாகச் சான்று வேண்டும். 2003-இல் லக்பா கேலு ஷெர்பா எவரெஸ்டின் அடிமுகாமிலிருந்து முடிவரை ஏறக்குறைய 11 மணி நேரத்தில் ஏறினார். மறு ஆண்டே பெம்பா டோர்ஜே ஷெர்பா 8 மணி 10 நிமிடத்தில் ஏறியதாக அறிவித்தார். போதிய சான்று இல்லையென்ற வழக்கு நீண்டு, 2017-இல் அச்சிறப்பு அவரிடமிருந்து நீக்கப்பட்டது. மலையுச்சியில் பார்ப்பவர் இல்லை. ஆதலின் அங்கே வாய்மையே முதற்காவல்.

விரைவுக்கு மற்றொரு விலையும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் 17 மணிக்கும் குறைந்த நேரத்தில் எவரெஸ்ட் ஏறி உலகை வியக்கச் செய்த பாபு சிரி ஷெர்பா, மறு ஆண்டே அதே மலையில் பனிப்பிளவில் விழுந்து மாண்டார். நம் மலையும் எளிதானதன்று, காடு சூழ்ந்தது. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் குடும்பத்தாருடன் சென்ற ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்ற துயரத்தை நம்மில் எவர் மறப்பார்? அதன்பின் தேவஸ்தானம் சிறுவரைப் பிற்பகலில் அவ்வழியே விடாது தடுத்தது. கூட்டமாகச் செல்லுமாறும் அறிவுறுத்தியது. கூட்டமாகச் செல்வது புதிய விதியன்று. ஒருவர் களைத்தால் அனைவரும் அமர்வதும், கோவிந்த நாமம் கேட்டுக்கொண்டே பின்வருவோரை எண்ணிக்கொள்வதும் நம் பாட்டிமார் கைக்கொண்ட பழைய முறை.

திருமலை நம்பி நாள்தோறும் மலையிலிருந்து இறங்கிவந்து இராமாநுசருக்கு இராமாயணப் பொருள் உரைத்தார் என்று வைணவ மரபு சொல்கிறது. ஓராண்டு ஏறி இறங்கிய அப்பெரியவர் எத்தனை நாழிகையில் ஏறினார் என்பதை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. எதற்காக இறங்கினார் என்பது மட்டும் நிலைத்து நிற்கிறது.

ஆகவே நம் இளைஞர் ஓடட்டும், உடலை உரமாக்கட்டும், நேரத்தையும் உண்மையாகக் குறித்து வைக்கட்டும். ஆனால் காலிகோபுரத்தை அடைந்ததும் ஒருகணம் திரும்பி, கீழே ஒவ்வொரு படியாக ஏறிவரும் தம் அன்னையைப் பார்க்கட்டும். அவர் வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டுவதில்லை.