மேடை அச்சமும் மேடைமொழியும்: நாவலர் முதல் தில்லி மாநாடு வரை

பொதுமேடையில் தடுமாற்றமின்றிப் பேசும் ஆற்றலைத் துணிவு என்னும் பண்போடு இணைத்தே நாம் எண்ணி வருகிறோம். பேச்சுக்கலை பற்றிய கையேடுகளும் பெரும்பாலும் அச்சம் போக்கும் வழிகளையே முதற்கண் கூறுகின்றன. எந்த மொழியில் பேசுவது, அம்மொழியின் எந்த வழக்கில் பேசுவது என்னும் வினாவை அவை எழுப்புவது அரிது. மொழியியலார்க்கு இவ்வினாவே முதன்மையானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தியாவில் கற்றவர் பலர் மேடையில் நாவெழாது நின்றனர். அவர்தம் தயக்கத்தில் மொழித்தேர்வுக்கு எவ்வளவு பங்குண்டு என்பதைச் சில சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இவ்வாராய்ச்சியில் என்னைச் செலுத்தியது ஒரு சிறு நிகழ்ச்சி. முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சிற்றூரில் தங்கி, அங்குள்ளோர் பேச்சைப் பல மாதங்கள் பதிவு செய்துகொண்டிருந்தேன். அவ்வூர்ப் பள்ளி விழாவில் என்னையும் பேச அழைத்தனர். ஆங்கிலத்தில் கருத்தரங்குக் கட்டுரைகள் பல படித்திருந்த எனக்கு அன்று ஐந்து மணித்துளிகூடப் பேச இயலவில்லை. எழுத்து வழக்கில் தொடங்கினேன். அது அவர்கள்முன் செயற்கையாக ஒலித்தது. பேச்சு வழக்குக்கு மாறினேன். அது மேடைக்குரிய மதிப்பின்றி ஒலித்தது. இரண்டுக்கும் நடுவே நா நின்றுவிட்டது. அவர்கள் மொழியின் ஒலியன்களையெல்லாம் அட்டவணைப்படுத்தி வைத்திருந்தவன், அம்மொழியில் அவர்களுக்கு நன்றி கூறவும் தெரியாமல் இறங்கினேன். எனக்கு அன்று இல்லாமற் போனது துணிவுதானா என்னும் ஐயம் பின்னர் நெடுநாள் இருந்தது.

காந்தியடிகளின் கூச்சம்

இப்பொருளுக்கு மிக விரிவான தன்வரலாற்றுச் சான்று காந்தியடிகளுடையது. 1925 முதல் ‘நவஜீவன்’ இதழில் குஜராத்தியில் தொடராக வந்த அவர்தம் வரலாற்றில், தம் கூச்சத்தை அவர் மறைக்காமல் எழுதுகிறார். இலண்டன் சைவ உணவுக் கழகத்தின் செயற்குழுவில் உறுப்பினராயிருந்தும் அவர் வாய் திறப்பதில்லை. ஒருமுறை தம் கருத்தைத் தாளில் எழுதிச் சென்றும் படிக்கத் துணிவின்றிப் பிறரைக் கொண்டு படிப்பித்தார். 1891இல் நாடு திரும்புமுன் நண்பர்க்கு அளித்த விருந்தில், கருதிச் சென்ற நகைச்சுவை உரை முதல் வாக்கியத்தோடு நின்றது. நன்றி கூறி அமர்ந்தார். பம்பாய்ச் சிறுவழக்கு மன்றத்தில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் கேள்வி ஒன்றும் கேட்க இயலாமல், வாங்கிய கட்டணம் 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

இவற்றைப் படிக்கும் எவரும் இயல்பிலேயே கூச்சமுடையவர் என்று முடிவுகட்டிவிடுவர். அவரும் அவ்வாறே கூறிக்கொள்கிறார். ஆயின் 1893இல் பிரிட்டோரியாவில் நிகழ்ந்தது இம்முடிவோடு பொருந்தவில்லை. அங்கு வாழ்ந்த இந்தியரைக் கூட்டி, வணிகத்தில் வாய்மை என்னும் பொருள் பற்றிப் பேசினார். அதனையே தம் வாழ்வின் முதற் சொற்பொழிவு எனக் குறிப்பிடுகிறார். அங்கு நா தடைப்பட்டதாகக் குறிப்பில்லை. கூடியிருந்தோர் பெரும்பாலும் மேமன் வணிகர். ஆங்கிலம் கற்க விரும்புவோர்க்குத் தாமே கற்பிப்பதாகவும் அவர் அங்கு முன்வந்தார். எனவே அவ்வுரை ஆங்கிலத்தில் அமைந்திருக்க இயலாது என்பது என் ஊகம்.

மூன்றாண்டு கழித்து, 1896 செப்டம்பரில், தென்னாப்பிரிக்க இந்தியர் நிலை பற்றிப் பம்பாயில் பெருங்கூட்டம் ஒன்று கூடியது. ஃபெரோஸ்ஷா மேத்தாவின் அறிவுரைப்படி உரை முன்னரே எழுதி அச்சிடப்பட்டிருந்தது. காந்தியடிகள் படிக்கத் தொடங்கினார், குரல் எழவில்லை. உரக்கப் படிக்குமாறு மேத்தா ஊக்க ஊக்க, குரல் மேலும் தாழ்ந்தது. இறுதியில் தின்ஷா வாச்சா அவ்வுரையைப் படித்து முடித்தார். பிரிட்டோரியாவில் பேசியவர் பம்பாயில் படிக்கவும் இயலாது நின்றார். ஒரே மனிதர், மாறியவை அவையும் மொழியும், பேசுவது போய்ப் படிப்பது என்றான முறையும்.

எனினும் மொழி ஒன்றையே காரணமாகக் கொள்ளுதல் பிழையாகும். அடுத்த மாதமே சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் அவர் ஆற்றியதும் நீண்ட, அச்சிட்ட ஆங்கில உரைதான். அவையினர் ஒவ்வொரு சொல்லையும் ஊன்றிக் கேட்டனர் என அவரே எழுதுகிறார். நேட்டாலில் வெள்ளை முதலாளியால் அடிபட்டு, குருதி வழியும் வாயோடு தம்மிடம் வந்த தமிழ்த் தொழிலாளர் பாலசுந்தரத்தின் செய்தி அவ்வவையைப் பெரிதும் உருக்கிற்று. சொல்லப்படும் பொருளோடு அவைக்குள்ள உறவும் பேசுவோர் நாவைக் கட்டவோ அவிழ்க்கவோ வல்லது. அச்சத்துக்கு மொழி ஒரு காரணம், பெரிய காரணம் என்பதே என் வாதம்.

நாட்டோர், கோத்ரா

மறுபுறம், ஆங்கில மேடையில் அரிமாவென முழங்கியவர்கள் தாய்மொழி மேடையை அஞ்சினர். இதனை நாம் போதிய அளவு நோக்கியதில்லை. 1885இல் தோன்றிய காங்கிரசின் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடந்தன. மாகாண மாநாடுகளும் அதனைப் பின்பற்றின. கற்றவரின் மேடை நம்பிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் ஈட்டப்பட்டது. மேடைக்குரிய வங்காளியோ மராத்தியோ தமிழோ அவர்கட்கு எவரும் கற்பிக்கவில்லை.

1897 ஜூன் மாதம் நாட்டோரில் கூடிய வங்காள மாகாண மாநாட்டுக்குச் சத்தியேந்திரநாத் தாகூர் தலைமை தாங்கினார். நடவடிக்கைகள் வங்காளியில் நடைபெறல் வேண்டும் என இரவீந்திரநாத் தாகூரும் இளைஞரும் வலியுறுத்தினர். மூத்தோர்க்கு இது விளையாட்டாகத் தோன்றிற்று. எவரேனும் ஆங்கிலத்தில் தொடங்கினால் ‘வங்காளி, வங்காளி’ எனத் தாங்கள் கூச்சலிட்டதை அவனீந்திரநாத் தாகூர் தம் நினைவுகளில் சுவைபடக் கூறுகிறார். பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிட்டவரும் ஆங்கிலப் பேச்சில் பெயர் பெற்றவருமான லால்மோகன் கோஷ் இறுதியில் எழுந்து வங்காளியில் பேசினார். ஆங்கிலத்துக்குச் சற்றும் குறையாமல் பேசினார் என்பது அவர் சான்று. ஜூன் 12இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தால் மாநாடு இடையில் கலைந்தது. 1908இல் பாப்னாவில் கூடிய மாகாண மாநாட்டில் இரவீந்திரநாத் தம் தலைமையுரையையே வங்காளியில் நிகழ்த்தினார்.

1917 நவம்பரில் கோத்ராவில் கூடிய குஜராத் அரசியல் மாநாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. தலைவர் காந்தியடிகள் ஆங்கிலத்தை விலக்கினார். திலகர் மராத்தியில் பேசினார். ஜின்னாவின் தாய்மொழி குஜராத்தி. ஆயினும் வற்புறுத்தியபின்னரே அவர் அதில் பேசினார். நீதிமன்றத்தில் எவர்க்கும் அஞ்சாத வழக்கறிஞர் அவர். துணிவுக் குறைவு என்னும் விளக்கம் இங்கு எடுபடாது.

தமிழில் மேடைமொழியின் ஆக்கம்

தமிழின் வரலாறு இவற்றினும் செறிவானது. இரட்டை வழக்குப் பற்றிய தம் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஃபெர்குசன், சமயவுரையையும் அரசியல் சொற்பொழிவையும் உயர்வழக்குக்குரிய சூழல்களாகப் பட்டியலிடுகிறார். மேலோட்டமாகத் தமிழுக்கும் அது பொருந்தும். ஆயின் எழுத்துத் தமிழை அப்படியே வாயால் ஒலித்தால் மேடைத்தமிழ் ஆகிவிடுவதில்லை; என் பள்ளி விழா அனுபவம் அதற்குச் சான்று. மேடைத்தமிழ் தனியாக ஆக்கப்பட்ட ஒரு மொழிவகை. அதற்குத் தோற்றக் காலமும் ஆக்கியோரும் உண்டு.

பழைய நிலையில், கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்வார். பேச்சு செய்யுளைச் சார்ந்து நிற்கும். பொருளைத் தாமே வகுத்துக்கொண்டு உரைநடையில் தொடர்ந்து பேசும் முறை அதனின் வேறானது. யாழ்ப்பாணத்தில் அம்முறையை மிஷனரிமார் மேடைக்குக் கொணர்ந்தனர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. பொருள் சைவம், வடிவம் பாதிரியாரின் பிரசங்கம். மொழிபெயர்ப்பாளர்கள் இங்குச் சற்று நின்று நோக்குதல் நன்று. செவிக்குப் புலப்படவேண்டிய ஒரு நூலைத் தமிழ் உரைநடையாக்கிய பயிற்சிக்குப் பின்னரே நாவலரின் மேடை அமைந்தது. ஒன்று மற்றொன்றுக்கு வித்தாயிற்று என ஐயமற நிறுவ இயலாவிடினும், தொடர்பை மறுப்பதும் எளிதன்று.

இச்சமயமேடை அரசியலுக்கு வர அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1907 மே மாதம் சென்னைக் கடற்கரையில் விபின் சந்திர பாலர் ஆற்றிய சுதேசிய உரைகள் ஆங்கிலத்தில் அமைந்தன. அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் ஆலைத் தொழிலாளரிடையே தமிழில் பேசினர். ஆலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது; மார்ச்சு 12இல் இருவரும் கைதாயினர். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தபோது, அப்பேச்சுக்களே குற்றத்தின் உடலாக இருந்தன. நாற்பதாண்டு நாடுகடத்தல் வ.உ.சி.க்கு விதிக்கப்பட்டது. தமிழ் மேடைப்பேச்சின் ஆற்றலை முதலில் அளந்தறிந்தவர் புலவரல்லர், அரசினரே என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்விரு ஓடைகளும் கலந்த இடம் திரு.வி.கலியாணசுந்தரனார். வெஸ்லி பள்ளியில் அவர்க்குத் தமிழ் ஊட்டியவர் நாவலர் மரபில் நின்ற யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளை, சொற்போரில் வல்லவர். ஆசிரியரின் வரலாற்றை மாணவர் 1908இல் நூலாக எழுதினார். திரு.வி.க. 1917இல் ஆசிரியப் பணியை விடுத்து ‘தேசபக்தன்’ இதழ் ஆசிரியரானார். 1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பங்கேற்றார். கோயிலில் சைவர்க்கு எனத் தோன்றிய பேச்சுமுறை, ஆசிரியர் மாணவர் வழியே, ஆலைத் தொழிலாளரின் மேடையை இவ்வாறு வந்தடைந்தது.

அம்மேடைமொழியின் இலக்கணம் தனியே ஆராயத்தக்கது. உருபனியலில் அது எழுத்து வழக்கைத் தழுவுகிறது. ‘வந்திருக்கிறோம்’ என்றே வரும், ‘வந்திருக்கோம்’ என வாராது. தொடரமைப்பிலோ அது பேச்சை நெருங்குகிறது. உரைநடையில் வினையெச்சங்களை அடுக்கி ஒரே வாக்கியமாக எழுதுவதை மேடை முற்றுவினைகளாக உடைக்கிறது. ‘குறைகளை எடுத்துரைத்து நீதி பெறும்பொருட்டு இங்குக் கூடியுள்ளோம்’ என்பது எழுத்து. ‘கூடியிருக்கிறோம். எதற்காகக் கூடியிருக்கிறோம்? குறைகளைச் சொல்லக் கூடியிருக்கிறோம்’ என்பது மேடை. வினாவும் விடையும் ஒருசொல் மீண்டு வருதலும் பேசுவோர்க்கு அடுத்த தொடரை எண்ணும் இடைவெளியைத் தருகின்றன, கேட்போர்க்கும் அவ்வாறே. மேடையில் ஒருவர் தடுமாறாது நிற்பதற்கு இவ்விடைவெளி பெரிதும் உதவுகிறது. என் மாணவருள் மிகக் கூச்சமுடையோர்க்கு நான் முதலில் தரும் பயிற்சி எழுத்துப் பத்தி ஒன்றை இவ்வாறு உடைப்பதுதான். சிலர்க்கு அது பயன்பட்டது. எல்லார்க்கும் என்று சொல்லமாட்டேன்.

எழுத்தில் பேச்சு வழக்கை ஏற்கும் இயக்கத்தை 1914இல் தோன்றிய ‘சபுஜ் பத்ர’ இதழ்வழி வங்காளியில் பிரமத சௌதுரியும், தெலுங்கில் கிடுகு இராமமூர்த்தியும் முன்னெடுத்தனர். தமிழ் மேடை எதிர்த்திசையில் சென்றது. பிற்காலத்தில் அண்ணாதுரை போன்றோர் உயர்வழக்கை அடுக்குமொழியோடு மக்கள் மேடையில் நிறுத்தினர். பெரியார் ஈ.வெ.ரா. பேச்சு வழக்கிலேயே பேசி அவையைக் கட்டினார் என்பதும் உண்மை. ஒரே இயக்கத்துள் இருவேறு மேடைமொழிகள் வாழ்ந்தமை தனிக் கட்டுரைக்குரியது.

தில்லி, 1918

காந்தியடிகளிடமே மீள்வோம். 1901இல் கல்கத்தாக் காங்கிரசில் தீர்மானத்தை முன்மொழிகையிலும் அவர் நடுங்கியே நின்றார். 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில், சொந்த நாட்டினர்முன் அயல்மொழியில் பேச நேர்ந்ததை வெட்கத்துக்குரியது என ஆங்கிலத்திலேயே கூறினார். 1918 ஏப்ரல் இறுதியில் தில்லியில் அரசப் பிரதிநிதி செம்ஸ்போர்டு கூட்டிய போர் மாநாட்டில், படைக்கு ஆள் சேர்க்கும் தீர்மானத்தை ஆதரிக்க இந்துஸ்தானியில் பேச ஒப்புதல் பெற்றார். பேசியது ஒரே வாக்கியம்: தம் பொறுப்பை முற்றும் உணர்ந்து ஆதரிக்கிறேன் என்பது அதன் கருத்து. அத்தகைய அவையில் இந்துஸ்தானியில் ஒருவர் பேசியது நினைவு தெரிந்தவரை இதுவே முதன்முறை எனப் பலர் வந்து பாராட்டினர். அப்பாராட்டு தம்மைப் புண்படுத்தியதாக அவர் எழுதுகிறார். சொந்த நாட்டில் நடக்கும் கூட்டத்தில் நாட்டுமொழியில் ஒரு வாக்கியம் கூறியது பாராட்டுக்குரிய செயலாகிவிட்டதே என்பதே அவர் வருத்தம்.