இரட்டையரும் ஒற்றை முகமும்

உரோம நாடக ஆசிரியர் பிளாட்டஸின் ‘மெனெக்மி’யில் இரட்டையர் ஓரிணையே உண்டு. அதனைத் தழுவிக் ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ நாடகத்தை இயற்றிய ஷேக்ஸ்பியர், பணியாளர்களையும் இரட்டையராக்கினார். எபிசஸ் நகரில் இரண்டு அன்டிஃபொலஸ்கள், இரண்டு டிரோமியோக்கள். 1594 டிசம்பர் 28ஆம் நாள் இலண்டன் கிரேஸ் இன் மண்டபத்தில், சட்டம் பயில்வோர் முன்னிலையில் இந்நாடகம் அரங்கேறியது.

மேடையில் நால்வர் நடிப்பர். அவர்கள் முகம் ஒத்திருக்க வேண்டியதில்லை. ஒரேவகை உடை போதும். ஏட்ரியானா அயலூரானைக் கணவனெனக் கருதி விருந்துக்கு அழைத்துச் செல்கிறாள். உண்மைக் கணவனோ தன் வீட்டுக் கதவைத் தட்டிச் சலிக்கிறான். உள்ளிருப்பவன் எவன், வெளியே நிற்பவன் எவன் என்பதை நாம் அறிவோம். அறிந்திருப்பதனாலேயே சிரிக்கிறோம்.

தொலைக்காட்சியில் இந்த ஏற்பாடு இடறுகிறது. அண்மைக் காட்சியில் இரு நடிகரின் முகவேறுபாடு துலங்கிவிடும். அதனைக் காணாத மனைவி பேதையாகத் தோன்றுவாள். பிபிசியின் ஷேக்ஸ்பியர் நாடக வரிசையில் 1983இல் இதனை இயக்கிய ஜேம்ஸ் செலன் ஜோன்ஸ், ஒருவருக்கே இரு வேடங்களையும் அளித்தார். மைக்கேல் கிச்சன் இரு அன்டிஃபொலஸ்களாகவும், ராக் இசைப் பாடகர் ரோஜர் டால்ட்ரி இரு டிரோமியோக்களாகவும் நடித்தனர். ஏட்ரியானாவின் மயக்கம் இங்கே முற்றிலும் நம்பத்தக்கதாயிற்று. ஆயினும் அம்மயக்கம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது. ‘இவன் எவன்?’ என்று தேறுவதற்குள் நகைச்சுவை கடந்துபோகிறது.

இதற்கு முன்பே வேறொரு வழியும் கையாளப்பட்டிருந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் குழுவுக்காக டிரெவர் நன் 1976இல் இசைநாடகமாக்கிய வடிவம், 1978இல் ஏடிவி நிறுவனத்தின் வழி ஒளிபரப்பானது. அதில் நான்கு நடிகர்கள்; அரங்கினரின் சிரிப்பொலியும் உடன் கேட்கும். இது மேடைப் பதிவேயன்றித் தொலைக்காட்சி நாடகமன்று எனக் குறைகூறுவோர் உளர். அக்குறையே இதன் வலிமை என்பது நம் கருத்து. வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டும் ஆசிரியர், கதவுக் காட்சியில் மாணவர் எங்கே சிரிக்கின்றனர் என்று கவனித்தாலே வேறுபாடு விளங்கும்.

ஒற்றை முகத்தின் இடர்ப்பாடு இறுதிக் காட்சியில் மிகுகிறது. பிரிந்தவர் கூடுகின்றனர், மரண தண்டனைக்குக் காத்திருந்த தந்தை ஈஜியன் பிழைக்கிறார். எல்லாரும் சென்றபின் எஞ்சுவோர் டிரோமியோக்கள் இருவரே. மூத்தவர் எவரெனத் தீராமல், முன்பின் பாராது, கைகோத்து உள்ளே செல்கின்றனர். மேடையில் இதற்கு எந்த நுட்பமும் தேவையில்லை. ஒருவரே இருவராக நடிக்கும்போது, பற்றுவதற்குரிய மற்றொரு கையை வேறொருவரிடமிருந்து இரவல் பெறவேண்டியுள்ளது.