ஒரே ஆலயம் என்ற கட்டளை

திருக்கோணமலைச் சுவாமி மலையில் நின்ற கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் 1620களில் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே அங்கு கோட்டை எழுப்பினார்கள். சம்பந்தரின் பதிகம் பெற்ற தலம் அது. வழிபாடு அதோடு நின்றுவிடவில்லை. தப்பிய திருவுருவங்கள் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயிலில் அமர்ந்தன என்பது கோயில் மரபு. ஆங்கிலேயர் காலத்தில் கோட்டைக்குள்ளேயே, மலை விளிம்பில் தேங்காய் உடைத்துப் பூவைக் கடலில் இட்டுப் பூசை நடந்தது. புதையுண்டு கிடந்த செப்புத் திருமேனிகள் 1950இல் கிணறு வெட்டியபோது வெளிவந்தன; 1963இல் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு ஆயிற்று. ஆலயம் போயும் சமயம் பிழைத்ததற்கு உலகம் வழக்கமாகக் காட்டும் உதாரணம் யூதர்கள். உருவமற்ற ஒரே கடவுளும் கையில் ஒரு நூலும் இருந்ததால் அவர்களுக்கு இடம் தேவைப்படவில்லை என்று காரணமும் சொல்வார்கள். இந்தக் காரணத்தில் முதலும் முடிவும் இடம் மாறியிருக்கின்றன என்பது என் வாதம்.

இஸ்ரவேல் என்ற பெயர் வேதாகமத்துக்கு வெளியே முதலில் தென்படுவது எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டில், ஏறத்தாழ கி.மு. 1208இல். அந்த மக்கள் தொடக்கத்திலிருந்தே ஒரு கடவுளை ஓரிடத்தில் மட்டும் வணங்கியவர்கள் அல்லர். தெற்கே அராத் கோட்டைக்குள் பலிபீடத்தோடு கூடிய கோயில் ஒன்றை அகழ்வாளர் கண்டார்கள். சினாய்ப் பாலையின் குந்திலெத் அஜ்ரூதில் கிடைத்த, கி.மு. 800ஐ ஒட்டிய எழுத்துகள் இஸ்ரவேலின் கடவுளான யாவேயின் பெயரோடு அசேராவையும் சேர்த்து ஆசி கூறுகின்றன. அசேரா பெண்தெய்வமா, அவளைக் குறித்த மரமா என்று அறிஞர் இன்னும் தர்க்கிக்கிறார்கள். எதுவானாலும் பிற்காலத்துக் கண்டிப்பான ஒரே கடவுள் கொள்கைக்கு அது பொருந்தாது. யூதாவின் அரசன் யோசியா கி.மு. 622ஐ ஒட்டி ஊர்தோறும் இருந்த பலி மேடைகளை இடித்தான். பலி எருசலேமில் மட்டுமே என்றான். அங்குள்ள ஆலயத்தில் கண்டெடுத்ததாகச் சொல்லப்பட்ட சட்டநூல் அவனுக்குத் துணை நின்றது. அதுவே வேதாகமத்திலுள்ள உபாகம நூலின் கரு என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. நாற்பது வருடம் ஆகுமுன், கி.மு. 586இல், பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை அந்த ஒரே ஆலயத்தை எரித்தது.

இங்கேதான் கோணமலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோணேச்சரமும் இலங்கையின் இன்னொரு சிவத்தலமான கேதீச்சரமும் ஒரே கையால் அழிந்தபோதும் சைவனுக்குத் தில்லையும் மதுரையும் இருந்தன. உருவத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய்க் குடமுழுக்கும் செய்யலாம். யூதா நாட்டானுக்கு அந்த வழியை யோசியாவின் கட்டளை அடைத்திருந்தது. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் பலியில்லாமல் செய்யக்கூடியவற்றைப் பற்றிக்கொண்டார்கள்: ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விதி, சட்டத்தை வாசித்தல். தோல்விக்கும் விளக்கம் வேண்டியிருந்தது. வென்றது பாபிலோனின் தெய்வமல்ல, எல்லா நாடுகளுக்கும் கடவுள் ஒருவரே, உடன்படிக்கையை மீறிய தம் மக்களை அவரே தண்டித்தார் என்ற விளக்கம் ஏசாயா நூலின் பிற்பகுதியில் உரத்து ஒலிக்கிறது. நூலும் ஒரே கடவுளும் இருந்ததால் இழப்பைத் தாங்கினார்கள் என்பதைவிட, ஈடு செய்ய முடியாத இழப்பே அவ்விரண்டையும் நடுவிடத்துக்குக் கொண்டுவந்தது என்பதுதான் பொருந்தும். எதிர்முனையிலிருந்தும் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. எகிப்தின் எலிபன்டைன் தீவில் பாரசீகப் படையில் இருந்த யூதர்கள் தங்களுக்கென்று கோயில் வைத்திருந்தார்கள். கி.மு. 410இல் அது இடிக்கப்பட்டபோது, அதை மீண்டும் கட்ட அனுமதி கேட்டு மனு எழுதினார்கள். யோசியாவின் கட்டளைக்குக் கட்டுப்படாத யூதர்கள், எந்தக் கோயில் மக்களும் செய்வதையே செய்திருக்கிறார்கள்.

தீர்க்கதரிசிகளான ஆமோசும் ஓசியாவும் அழிவுக்கு முன்பே பிற தெய்வங்களைக் கண்டித்தார்களே என்று கேட்கலாம். கண்டித்தார்கள். ஆனால் அது அன்று ஒரு தரப்பின் குரல். அதைப் பொதுநெறி ஆக்கியது அழிவு. எருசலேமில் ஆலயம் கி.மு. 515 அளவில் மீண்டும் எழுந்து கி.பி. 70 வரை பலி நடந்தது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஆனால் இரண்டாம் ஆலயம் நின்ற காலத்திலேயே, பலிபீடமில்லாத தொழுகைக்கூடம் எருசலேமுக்குள்ளும் இருந்தது. சட்டம் வாசிக்கவும் கட்டளைகளைக் கற்பிக்கவும் கட்டியதாக அங்கே கிடைத்த தியோதோத்தோஸின் கிரேக்கக் கல்வெட்டு சொல்கிறது. முதல் இழப்பில் கற்ற பாடத்தை அவர்கள் கைவிடவில்லை. அதனால்தான் ரோமர் ஆலயத்தை அழித்த பின் யாவ்னேயில் கூடிய ரபிகளால், பலி நேரங்களுக்குரிய இடத்தில் செபங்களை வைக்க முடிந்தது.

இந்த மக்கள் இலங்கைக்கும் வந்தார்களா என்ற கேள்வி எஞ்சுகிறது. இஸ்ரவேல் மன்னன் சாலொமோனின் கப்பல்கள் இலங்கைக்கு வந்தன என்ற ஊகத்துக்கு வலுவான சான்று எதுவும் இல்லை. பிற்காலச் செய்திகளை அப்படித் தள்ளிவிட முடியாது. 10ஆம் நூற்றாண்டில் அரபு நூலாசிரியர் அபூ ஸைத் சரந்தீபில் (இலங்கையில்) யூதர் பலர் வாழ்ந்ததாக எழுதினார்; 12ஆம் நூற்றாண்டில் அல் இத்ரீசி, அரசனின் 16 ஆலோசகரில் 4 பேர் யூதர் என்றார். கேட்டறிந்து எழுதியவைதான். என்றாலும் பத்து ஆண்களும் ஒரு தோராச் சுருளும் இருந்தால் கூட்டுத் தொழுகை நடத்திவிடும் மக்களிடம் கற்கோயில் எச்சத்தை எதிர்பார்க்க முடியாது. கொச்சி யூதர்களுக்கு கி.பி. 1000ஐ ஒட்டி பாஸ்கர ரவிவர்மன் வட்டெழுத்துச் செப்பேடு வழங்கினான். யோசேப்பு ரப்பான் என்ற தலைவனின் பெயர் அதில் நிற்கிறது. அப்படியொரு சாசனம் கோணமலைத் துறையில் கிடைக்காதவரை, அந்தத் துறையில் யூதர் குடியிருந்ததாக யாரும் எழுதக் கூடாது.