வாய்ப்பாடு படித்த கடற்படை அதிகாரி

1660 ஜூலையில் சாமுவேல் பீப்ஸ் இங்கிலாந்துக் கடற்படை வாரியத்தில் எழுத்தராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 27. லண்டன் தையற்காரர் ஒருவரின் மகன், கேம்பிரிட்ஜ் பட்டதாரி. உறவினர் எட்வர்ட் மொன்டேகுவின் செல்வாக்கால் கிடைத்த வேலை அது. லத்தீனும் இசையும் தெரிந்த அவருக்குக் கப்பலைப் பற்றி எதுவும் தெரியாது. கருவாலி மரம், கயிறு, தார், பாய்த்துணி என்று கடற்படைக்கு வேண்டிய அத்தனையையும் வாங்கிய வாரியம் அது.

1662 ஜூலையில் அவர் கணக்குப் படிக்கத் தொடங்கினார். 'ராயல் சார்லஸ்' கப்பலில் பணியாற்றிய கூப்பர் என்பவர்தான் வாத்தியார். விடிகாலை நான்கு மணிக்கே எழுந்து பெருக்கல் வாய்ப்பாட்டை உருப்போட்டதை அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. அரசுப் பணத்தில் சரக்கு வாங்குபவருக்கு இதைவிட அவசியமான பாடம் வேறில்லை.

அதற்கு முந்தைய மாதமே உல்லிச் கயிற்றுப் பட்டறையில் ஒரு சோதனை நடந்திருந்தது. செல்வாக்குள்ள வணிகர் ஒருவர் விற்ற டச்சு நூலில் ஐந்து இழையையும் ரீகா நூலில் நான்கு இழையையும் இழுத்துப் பார்த்தார்கள். ஐந்து இழைதான் முதலில் அறுந்தது. பிரித்துப் பார்த்தால், தார் பூசிய பழைய நாரைச் சுற்றிப் புது நார்! ஆகஸ்டில் கப்பல் தச்சர் அந்தோனி டீன் பீப்ஸை வால்தம் காட்டுக்கு அழைத்துப்போய், சரியான சதுரமாகச் செதுக்காத மரத்தின் கன அளவில் அரசரை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று காட்டினார். பிறகு மரம் அளப்பதற்கென்றே ஓர் அளவுகோலை பீப்ஸ் செய்து வாங்கினார்.

சரக்கறிவு மட்டும் ஒருவரைக் கறைபடாமல் காத்துவிடாது. 1664 பிப்ரவரியில் மர வணிகர் வில்லியம் வாரன் பீப்ஸின் மனைவிக்கென்று கொடுத்த கையுறைப் பொட்டலத்துக்குள் நாற்பது பொற்காசுகள் இருந்தன. அந்த ஜூலையிலேயே வாரனுடன் பாய்மர ஒப்பந்தம் முடிந்தது. கடற்படை செய்தவற்றிலேயே மிகப் பெரியது என்றும், அரசருக்கு நன்மையானதாக இருக்கும் என்று நம்புவதாகவும் பீப்ஸ் எழுதிவைத்தார். அன்று அதிகாரிகள் பரிசு வாங்குவது சகஜம்தான். ஆனாலும் விற்பவரிடம் பொன் வாங்கியவர் நடத்திய பேரத்தை முழுதாக நம்ப முடியவில்லை.

1665இல் டச்சுப் போர் மூண்டது. கஜானா வறண்டது. பணம் எப்போது வருமென்று தெரியாத வணிகர்கள் விலையை ஏற்றினார்கள், சிலர் சரக்குத் தரவே மறுத்தார்கள். கூர்மையான பேரம் பேசினாலும் கடன் சொல்லி வாங்குபவருக்கு நல்ல விலை படியாது. 1667 ஜூனில் டச்சுக்காரர்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து கப்பல்களை எரித்தார்கள். 'ராயல் சார்லஸை' இழுத்துச் சென்றார்கள்.

பழி கடற்படை வாரியத்தின்மேல் விழுந்தது. 1668 மார்ச் 5 அன்று பீப்ஸ் நாடாளுமன்றத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசி வாரியத்தின் செயலுக்கு விளக்கம் தந்தார். பின்னாளில் கடற்படைச் செயலராக உயர்ந்த அவர், 1677இல் லெப்டினன்ட் பதவி கேட்பவர்களுக்குத் தேர்வைக் கட்டாயமாக்கினார்.