அப்பளக் கட்டும் அட்டாச்மெண்ட்டும்

எங்க ஊர் கல்லிடைக்குறிச்சி. ஊர்ப் பேரைச் சொன்னால் எல்லாரும் அடுத்துச் சொல்வது அப்பளம்தான். அதை வெளியூருக்கு அனுப்புவதென்றால் வெறும் கவரில் போட்டு அனுப்ப முடியாது. போய்ச் சேரும்போது தூள்தான் மிஞ்சும். கட்டாகக் கட்டி, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஈமெயிலில் படமும் பாட்டும் போன கதையைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. (காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள்!)

1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிமுறைதான் ஈமெயில் போக்குவரத்துக்கு அடிப்படை. அது ஏற்றுக்கொண்டது ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே. எழுத்துக்கு 7 பிட், மொத்தம் 128 குறிகள். ஆங்கிலத்துக்கு அது போதும். ஆனால் படமும் பாட்டும் 8 பிட் பைட்டுகளால் ஆனவை. வழியில் ஒரு கம்ப்யூட்டர் எட்டாவது பிட்டை அழித்துவிட்டால் போச்சு, அப்பளம் நொறுங்கிவிடும்.

இதற்கு ஒரு பெட்டியை 1980-லேயே செய்து வைத்திருந்தார் பெர்க்லியில் இருந்த மேரி ஆன் ஹார்ட்டன். பெயர் யுயுஎன்கோட். கணக்கு எளிதுதான். 3 பைட் என்றால் 24 பிட். அதை ஆறு ஆறாகப் பிரித்தால் 4 துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஆஸ்கி குறி. 3 பைட் 4 எழுத்தாகிறது, அதாவது எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பேக்கிங் செலவு! பெறுபவர் தானே பிரிக்க வேண்டும். பெரிய ஃபைலைப் பல மெயில்களாக வெட்டி அனுப்புவார்கள். ஒன்று தொலைந்தாலும் அத்தனையும் வீண்.

1992 ஜூனில் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் விதிமுறையை வெளியிட்டார்கள். உள்ளே இருப்பது படமா பாட்டா, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எப்படிக் கட்டியிருக்கிறது என்பதை மெயிலே சொல்லிவிடும். பேஸ்64 என்ற கட்டும் முறையிலும் அதே 3-க்கு 4 கணக்குதான். அதற்கு முன்பே, மார்ச் 11 அன்று, போரன்ஸ்டைன் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் மெயிலில் அனுப்பிக் காட்டிவிட்டார்.

படம், பாட்டை விடுங்கள். தமிழ் எழுத்தே அன்றைய ஈமெயிலுக்கு 'எழுத்து' இல்லை! 90-களின் இறுதியில் வந்த டிஸ்கி முறையில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேலே உள்ள இடங்களில்தான் இருந்தன. எட்டாவது பிட் போனால் தமிழும் போச்சு. வந்து சேர்ந்தாலும் அதே ஃபாண்ட் இருந்தால்தான் படிக்க முடியும்.

இது எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முன் மாமா வெளிநாட்டிலிருந்து தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி மெயில் அனுப்புவாராம். அம்மா பிரவுசிங் சென்டருக்குப் போய் பிரிண்ட் எடுத்து வருவாள். ஆச்சிக்கு ஆங்கில எழுத்து தெரியாது. மகன் தமிழில் சொன்னதை மகள் வாசித்துத்தான் கேட்க வேண்டும். ஒருமுறை தமிழ் ஃபாண்டில் அனுப்பினார், வந்ததெல்லாம் கோணல் குறிகள். கடைசியில் பேப்பரில் கையால் எழுதி, ஸ்கேன் பண்ணி, படமாக அட்டாச் பண்ணிவிட்டார். அந்தப் பிரிண்டை ஆச்சியே கண்ணாடி போட்டுப் படித்தாளாம். அது இன்னும் அவள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

1998 பொங்கல் அன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை பிடிஎஃப் ஆகவும் கொடுத்தது. ஃபாண்ட்டை உள்ளேயே வைத்துக் கட்டிவிடலாம் என்பதுதான் அதன் வசதி.

இன்று யூனிகோடு வந்துவிட்டது. யுடிஎஃப்-8-ல் 'அ' என்ற எழுத்து 3 பைட், பேஸ்64-ல் கட்டினால் சரியாக 4 குறி. ஒரு மெயிலின் மொத்த அளவு 25 எம்பிதான் என்றால் 18 எம்பி ஃபைலைத்தான் அனுப்ப முடிவதற்குக் காரணமும் அதே பேக்கிங் செலவுதான்.

அடுத்த முறை ஃபைல் திரும்பி வந்தால் திட்டாதீர்கள். பெட்டியின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்!