சந்திராதித்தவல்: திருக்கோகர்ணம் வட்டார ஏரித்தூம்புகளும் தமிழகப் பாலங்களின் நெடுவாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

பொதுப் பாலங்கள் பல தலைமுறைகளுக்குப் பயன்பட வேண்டுமாயின் அவை எவ்வாறு வடிவமைக்கப்பட வேண்டும் என்னும் வினாவிற்குத் தமிழக வரலாற்றிலிருந்து விடை தேட இக்கட்டுரை முற்படுகின்றது. திருக்கோகர்ணத்தைச் சூழ்ந்த புதுக்கோட்டை வட்டாரத்தின் ஏரித்தூம்புகளும், திருநெல்வேலி, பாம்பன், கொள்ளிடம் ஆகிய இடங்களின் பாலங்களும் ஒப்புநோக்கப்படுகின்றன. கட்டுமானப் பொருளின் வலிமை மட்டும் நெடுவாழ்வைத் தருவதில்லை. நீருக்கும் மணலுக்கும் வழிவிடும் அமைப்பு, பழுதுற்ற உறுப்பை மாற்றத்தக்க தன்மை, பராமரிப்புக்கான நிலையான வருவாய் ஆகிய மூன்றும் கூடியபோதே அது வாய்த்தது என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: திருக்கோகர்ணம், குமிழித்தூம்பு, ஏரிப்பட்டி, பாலம், அடித்தள அரிப்பு, பராமரிப்பு.

முன்னுரை

தமிழ்க் கல்வெட்டுகளில் கொடைகள் 'சந்திராதித்தவல்' நிலைபெறுமாறு வழங்கப்பட்டன. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது இத்தொடரின் பொருள். இன்றைய பொறியியல் இத்தகைய காலவரம்பை எண்ணால் குறிக்கின்றது. இந்தியச் சாலைகள் பேராயத்தின் 112ஆம் நெறிமுறை (2011) இயல்பான கற்காரைப் பாலங்களுக்கு 100 ஆண்டு வடிவமைப்பு ஆயுளை வகுத்துள்ளது. முன்னது உறுதிமொழி, பின்னது கணக்கீடு. எனினும், கட்டியவர் மறைந்த பின்னரும் கட்டுமானம் பயன்பட வேண்டும் என்னும் நோக்கம் இரண்டிற்கும் பொதுவானது. அந்நோக்கம் எந்நிலைகளில் நிறைவேறியது, எங்குத் தவறியது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

திருக்கோகர்ணம் வட்டாரத்தின் நீரியல் சூழல்

புதுக்கோட்டை நகரின் ஒரு பகுதியாக விளங்கும் திருக்கோகர்ணம், கோகர்ணேசுவரர் குடைவரைக் கோயிலாலும், 1910இல் தோற்றுவிக்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்தாலும் அறியப்படுவது. இவ்வட்டாரம் காவிரிபோன்ற பேராறு பாயாத, மழையை நம்பிய நிலப்பகுதி. வெள்ளாறு முதலிய ஆறுகளும் மழைக்காலத்திலேயே பெருக்கெடுப்பவை. எனவே நீரைத் தேக்கும் ஏரிகளும் கண்மாய்களுமே வேளாண்மைக்கு அடிப்படையாயின. ஓர் ஏரியின் கலிங்கு வழியே வழியும் உபரிநீர் அடுத்த ஏரியை நிரப்பும். இச்சங்கிலித்தொடரில் ஒரு கரை உடைந்தால் கீழுள்ள ஏரிகளும் சேதமுறும். ஆதலின் ஏரிக் கட்டுமானத்தின் உறுதி ஓரூரின் நலனோடு அமையாமல் பல ஊர்களைப் பற்றியதாக இருந்தது.

குமிழித்தூம்பின் அமைப்பு

இவ்வட்டார ஏரிகளின் உட்பகுதியில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரு கற்றூண்கள் இணையாக நிற்பதைக் காணலாம். இது குமிழி அல்லது குமிழித்தூம்பு எனப்படும். தூண்களின் அடியில் கல்தொட்டியும், அதிலிருந்து கரைக்கு அடியே செல்லும் சுருங்கையும் அமைந்திருக்கும். தொட்டியின் மேற்பலகையிலுள்ள நீரோடித்துளை அடைப்பினால் மூடப்பட்டிருக்கும். அடைப்பைத் தூக்கியதும் நீர் தொட்டிக்குள் பாயும். அவ்வேகத்தில், தரைமட்டத்திலுள்ள சேறோடித்துளைகள் வழியே படிந்த வண்டலும் இழுக்கப்பட்டு வயலைச் சென்றடையும்.

இவ்வமைப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, வண்டல் படிவது தவிர்க்க இயலாதது என்பதை ஏற்று, அது வெளியேறுவதற்கான வழியும் கட்டுமானத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. மற்றொன்று, தேய்மானத்திற்கு உள்ளாகும் அடைப்பு எளிதில் மாற்றத்தக்கதாகவும், மாற்றுதற்கு அரிய தூணும் தொட்டியும் கல்லாலும் அமைந்துள்ளன. விரைவில் அழிவது, நெடிது நிற்பது என உறுப்புகளைப் பகுத்து வடிவமைத்த தெளிவு இதில் புலனாகின்றது.

பராமரிப்புக்கான ஏற்பாடு

குமிழித் தூண்களில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் தூம்பை அமைத்தவரின் பெயரைத் தருகின்றன. அமைத்ததோடு கடமை முடிந்ததாகக் கருதப்படவில்லை என்பதைத் தமிழகக் கல்வெட்டுகள் பரவலாக உணர்த்துகின்றன. ஏரியின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம் 'ஏரிப்பட்டி' எனப்பட்டது. ஏரி மீன்குத்தகை வருவாயும் தூர்வாருதற்குப் பயன்பட்டது. பொ.ஆ. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சபையின் உறுப்பாக ஏரிவாரியம் இயங்கியதைக் காட்டுகின்றன. ஆக, பணிக்கான பொருள் ஆண்டுதோறும் கேட்டுப் பெறப்படாமல் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதனைச் செலவிடும் பொறுப்பும் பெயர் குறித்த அமைப்பிடம் இருந்தது.

இவ்வேற்பாடு பின்னர்த் தளர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டுச் சட்டம் குடிமராமத்தைக் கட்டாய உழைப்பாக நிலைநிறுத்த முயன்றது, வழக்கமாக நடந்துவந்த கூட்டுழைப்பு குன்றியமைக்குச் சான்றாகும். புதுக்கோட்டைத் தனியரசில் திவான் அ. சேசையா சாஸ்திரியார் காலத்தில் (1878–1894) நகர்க்குளங்கள் சீரமைக்கப்பட்டன. அத்தகைய முயற்சிகள் ஆட்சியாளரின் முனைப்பைச் சார்ந்திருந்தமையால், ஏரிப்பட்டிக்குரிய தொடர்ச்சி அவற்றுக்கு இயல்பாக அமையவில்லை.

பாலங்கள் தரும் சான்று

புதுக்கோட்டை ஏரிகளில் கண்ட மூன்று கூறுகளும் பாலங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தமிழகத்தின் மூன்று பாலங்களைக் கொண்டு சோதிக்கலாம்.

*திருநெல்வேலி.* தாமிரபரணியின் குறுக்கே பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகச் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியாரின் பெருங்கொடையால் உருவான இப்பாலம் 11 வளைவுகளை உடையது. 1869ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் சேதமுற்ற இது, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. போக்குவரத்துப் பெருகியபோது அகலப்படுத்தவும் பட்டது. வளைவுகள் தனித்தனி அலகுகளாய் நின்றமையால் ஒரு பகுதியின் சேதம் பாலம் முழுவதன் அழிவாகவில்லை.

*பாம்பன்.* 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலம் 145 கண்களும், கப்பல் செல்லத் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பகுதியும் கொண்டது. 1964 டிசம்பர்ப் புயலில் 126 கர்டர்கள் கடலில் வீழ்ந்தன, தூக்குப்பகுதி தப்பியது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாள்களில் பாலம் மீட்கப்பட்டது. கடலில் கிடந்த கர்டர்களை எடுத்து மீண்டும் பொருத்த முடிந்தமையே இவ்விரைவுக்குரிய காரணம். சிறிய, ஒரே அளவிலான கண்களால் அமைந்த வடிவம் அதற்கு இடமளித்தது. உப்புக்காற்றின் அரிப்பிற்கு எதிரான இடையறாத பராமரிப்போடு, 2022 டிசம்பர் வரை இப்பாலம் 108 ஆண்டுகள் பணியாற்றியது. 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடியாத எஃகுக் கம்பிகளும் தனிவகைப் பாதுகாப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டமை, பழைய பாலம் கற்பித்த பாடத்தின் தொடர்ச்சியாகும்.

*கொள்ளிடம்.* திருச்சிராப்பள்ளியில் 1928இல் பயன்பாட்டிற்கு வந்த கொள்ளிடப் பாலத்தின் போக்குவரத்து 2016இல் அருகிலுள்ள புதிய பாலத்திற்கு மாற்றப்பட்டது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆற்றுப்பாலத்தின் அடித்தள ஆழம், பெருவெள்ளத்தின் அளவையும் ஆற்றுமணலின் தன்மையையும் கொண்டு, வெள்ளம் எவ்வளவு ஆழம் அரிக்கும் என மதிப்பிட்டு வகுக்கப்படுவது. படுகையின் மட்டம் பெரிதும் மாறாது என்பது இம்மதிப்பீட்டின் எடுகோள். மணல் அள்ளப்பட்டுப் படுகை தாழுமாயின், தூண் மாறாதிருக்க அதனைப் பற்றி நிற்கும் மண் குறைகின்றது. கொள்ளிடத்தில் இக்கவலை நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவந்தது. பாலத்தின் ஆயுள் அது நிற்கும் ஆற்றின் ஆட்சியோடும் பிணைந்தது என்பதை இந்நிகழ்வு நினைவூட்டுகின்றது.

ஒப்பீட்டின் வரம்புகள்

பழையன யாவும் வலியன என்னும் முடிவுக்கு இச்சான்றுகள் இடந்தருவதில்லை. இன்று காணப்படுவன எஞ்சியவை மட்டுமே. அழிந்த தூம்புகளும் உடைந்த கரைகளும் கணக்கில் வருவதில்லை. மேலும், ஏரித்தூம்பு கனரக வண்டிகளின் சுமையைத் தாங்குவதன்று. ஏரிவாரியத்தில் இடம்பெறும் உரிமையும் நிலவுடைமையோடும் கல்வியோடும் கட்டுப்பட்டிருந்தது. அந்நிறுவனத்தை அப்படியே மீட்டெடுப்பது இயலாதது, விரும்பத்தக்கதும் அன்று. ஒப்பீட்டிற்கு உரியது, பராமரிப்பைக் கட்டுமானத்தின் பிற்சேர்க்கையாகக் கருதாமல் அதன் உறுப்பாகவே கொண்ட நெறியாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. நீரையும் வண்டலையும் எதிர்த்து நிற்பதைவிட அவற்றுக்கு வழிவிடும் வடிவமே நெடிது நிலைத்தது. பாலங்களுக்கு இது போதிய நீர்வழியையும், படுகையின் மட்டத்தைக் காக்கும் ஆற்று மேலாண்மையையும் வேண்டுகின்றது.

2. தேயும் உறுப்புகளை எளிதில் அணுகி ஆய்ந்து மாற்ற இயலும் அமைப்பு, குமிழித்தூம்பிலும் பாம்பனிலும் ஒருங்கே பயன் விளைத்தது. தாங்கிகள், இணைப்பிடைவெளிகள், பூச்சுகள் ஆகியன பாலத்தைவிட முன்னரே முதுமையுறும் என்பதை ஏற்று வடிவமைத்தல் வேண்டும்.

3. 100 ஆண்டு ஆயுளென வகுக்கும் வரைபடம், அக்காலத்திற்கான ஆய்வுப் பொறுப்பையும் வருவாயையும் வகுக்காதபோது குறைபாடுடையதாகின்றது. ஏரிப்பட்டி அக்குறையை நிலத்தால் நிரப்பியது. இன்று அதனைத் தனி நிதி ஒதுக்கீட்டாலும், பொதுவில் வெளியிடப்படும் ஆண்டு ஆய்வறிக்கைகளாலும் நிரப்பலாம்.

தூம்பை அமைத்தவர் பெயரைத் தாங்கிய கற்றூண்கள் புதுக்கோட்டை ஏரிகளில் இன்றும் நிற்கின்றன. ஆண்டுதோறும் அடைப்பை மாற்றியவர்கள், வண்டலை அகற்றியவர்கள் பெயர்கள் பொறிக்கப்படவில்லை. பாலங்களின் வரலாறும் பெரும்பாலும் திறப்புவிழா நாளோடு எழுதப்படுகின்றது. அதனைப் பராமரிப்பின் வரலாறாகவும் எழுதுவது வருங்கால ஆய்வுகளுக்குரிய களமாகும்.